சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்: சுவர் தாண்டுவது, பெல்ட் உருவுவது, பட்டினி கிடப்பது – செய்முறை இழை

#1 – கரிசல்மண்

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்க்குட்டிகளை ஆசையாக வாங்கிவிட்டு, வருஷம் திரும்புவதற்குள் "யாராவது எடுத்துக்கிறீங்களா" என்று பதிவு போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் கேட்டால் வருவது இவைதான்: சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறது, பெல்ட்டை உருவிக்கொண்டு போகிறது, வீட்டுக்காரர் வெளியூர் போனால் சாப்பாட்டைத் தொடுவதில்லை, விருந்தாளி வந்தால் நிற்க விடுவதில்லை. ராஜபாளையம் என்றால் கூடவே "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை".

முயல் விரட்டவும் காவலுக்கும் பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த உடம்பும் புத்தியும் இவை. ஓடுவதைக் கண்டால் துரத்தும். ஒரு ஆளை, ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவரை நம்பாது. அடித்து இதை மாற்ற முடியாது. சுவரையும் பெல்ட்டையும் நம் பழக்கத்தையும் மாற்றலாம்.

தெரிந்தவர்கள் அளவோடு, முறையோடு எழுதுங்கள். அவரவர் நாயின் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 – தேரிக்காடு

பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதி ஓட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

லேப்ரடார் மாதிரி நாய்க்கு மண்டை அகலம், கழுத்து குறுகல். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் மண்டையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரண கொக்கி பெல்ட்டை எவ்வளவு இறுக்கிப் போட்டாலும், நாய் தலையைக் குனிந்து பின்னால் இரண்டு எட்டு வைத்தால் கழன்றுவிடும். மூச்சு முட்ட இறுக்கினால் இருமலும் தோல் உராய்வும்தான் மிச்சம்.

மார்ட்டிங்கேல் பெல்ட் வாங்குங்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணி ஓடும். நாய் இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம் வேண்டும். காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் நிற்க வேண்டும். முழுதாக இழுத்துப் பார்க்கும்போது இரண்டு வளையங்களும் முட்டிக்கொண்டால் பெல்ட் பெரிது, இன்னும் நழுவும். நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி இருந்தால் சரி. தளர்ந்த நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வீட்டுக்குள் இதைக் கழற்றி விடுங்கள். தொங்கும் கண்ணி கேட் கம்பியில் மாட்டினால் நாய் இழுக்க இழுக்க இறுகும். பெயர்த் தகடு போட ஒரு மெல்லிய சாதாரணப் பெல்ட் போதும்.

கயிறு ஐந்தாறு அடிக்கு மேல் வேண்டாம். சுருண்டு நீளும் கயிறு இந்த நாய்களுக்கு ஆகவே ஆகாது. நான்கைந்து பாய்ச்சலில் முழு வேகத்தை எட்டிவிடும், கயிறு முடியும் இடத்தில் அந்த வேகம் மொத்தமும் கழுத்தெலும்பில் இறங்கும்.

#3 – புதுமனை

காம்பவுண்டு சுவர் ஐந்து அடி. கன்னிக்குப் போதுமா? மேலே கண்ணாடிச் சில்லு பதிக்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறார்.

#4 – கொத்துக்கரண்டி

ஐந்து அடி போதாது. கண்ணாடிச் சில்லு கூடவே கூடாது. நாய் அதைப் பார்த்து நிற்காது, தாவிய பிறகுதான் தெரியும். வயிற்றுத் தோலும் பாதமும் கிழிந்துவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏழு அடி கட்டுங்கள். ஐந்தடிச் சுவர் ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் எல் ஆங்கிள் அடித்து இரண்டு அடி கம்பிவலை ஏற்றலாம். வலையை நேராக நிறுத்தாமல் உள்பக்கமாக 45 டிகிரி சாய்த்துக் கட்டுங்கள். தாவுகிற நாய் மேலே பார்க்கும்போது தலைக்கு மேல் கூரை மாதிரி தெரியும், பெரும்பாலும் முயற்சியையே விட்டுவிடும். வெல்டு மெஷ் நல்லது. டைமண்ட் மெஷ்ஷில் கால் விரல் பிடித்து ஏறிவிடும்.

சுவர் உயரத்தை விட முக்கியம் சுவரோரம் என்ன கிடக்கிறது என்பது. துவைக்கிற கல், மோட்டார் ரூம், அடுக்கிய ஹாலோ பிளாக், தண்ணீர் டிரம், ஸ்டாண்டு போட்ட பைக்: இவை எல்லாம் நாய்க்குப் படிக்கட்டு. சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எதுவும் இருக்கக் கூடாது. ஏழடிச் சுவரோரம் மூன்றடி டிரம் இருந்தால் அது நாலடிச் சுவர்தான்.

அடுத்தது கேட். கிரில் கேட்டில் தரையிலிருந்து நாலடி வரைக்கும் தகடு அடித்துவிடுங்கள். வெளியே போகும் ஆடும் பூனையும் கண்ணில் படாவிட்டால் துரத்தும் எண்ணமே வராது. இவை மூக்கை விடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. கேட்டுக்கு உள்ளே ஐந்தடி தள்ளி இன்னொரு சின்னக் கதவு போட முடிந்தால் போடுங்கள். பால்காரர், கூரியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டைத் திறந்துவிட்டுப் போகும் அந்த இரண்டு விநாடியில்தான் அதிக நாய்கள் வெளியேறுகின்றன.

கம்பிகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தால் குட்டியின் தலை நுழைந்து மாட்டும். மாட்டினால் பின்பக்கம் பிடித்து இழுக்காதீர்கள். காதுகளைக் கழுத்தோடு மடக்கி, தேங்காயெண்ணெய் தடவி, மெதுவாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

#5 – மேலூர்க்காரன்

இவ்வளவு செலவு எதுக்கு அண்ணே? செயினில் கட்டிப்போட்டால் முடிந்தது. கிராமத்தில் எல்லாரும் அப்படித்தானே வளர்க்கிறோம்.

#6 – கரிசல்மண்

தம்பி, கிராமத்தில் பகலில் கட்டினாலும் ராத்திரி தோட்டத்தில் அவிழ்த்து விடுகிறார்கள், காலையில் வரப்பில் கூட ஓடுகிறது. அதை விட்டுவிட்டு இருபத்து நாலு மணி நேரமும் கட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செயின் நீளத்துக்கு வட்டம் போட்டு நடக்கும். வாலையோ முன்னங்காலையோ நக்கி நக்கிப் புண்ணாக்கும். கட்டிய நாய் விலகி ஓட முடியாது என்பதால் பக்கத்தில் வருகிறவரைக் கடிக்கும். அவிழ்ந்த அன்று மூன்று கிலோமீட்டர் தாண்டித்தான் நிற்கும்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு முளையில் கட்டாமல், ஆறடி உயரத்தில் முப்பதடிக் கம்பி இழுத்து அதில் வளையம் ஓடுகிற மாதிரி, பாடி பெல்ட்டோடு (கழுத்தில் இல்லாமல் மார்பைச் சுற்றிப் போடுவது) கட்டுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கிச் செத்த நாய்கள் உண்டு.

ஓட்டத்துக்கு வடிகால் கொடுத்தால் தாவல் பாதி குறையும். ஐந்தடி மூங்கில், நுனியில் எட்டடிக் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துணி. வேலி போட்ட தோப்பில் அதைத் தரையோடு இழுத்துச் சுற்றுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், நாக்கு தொங்கிவிடும். ஒன்றேகால் வயது ஆகும்வரை துணியை மேலே தூக்கித் தாவ விடாதீர்கள், எலும்பின் வளர்முனைகள் அப்போதுதான் மூடும். முயலை விரட்ட விடுகிற யோசனை யாருக்காவது இருந்தால்: 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

#7 – புதுமனை

நன்றி அண்ணே. அப்படியும் ஒருநாள் வெளியே போய்விட்டால்?

#8 – தேரிக்காடு

பின்னால் ஓடாதீர்கள். துரத்துவது அதற்கு விளையாட்டு, உங்களால் எட்டவும் முடியாது. அதன் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். அல்லது பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அது தினம் ஏறுகிற ஸ்கூட்டர், கார் இருந்தால் எடுத்து வந்து ஹாரன் அடியுங்கள்.

கண்ணை விட்டு மறைந்துவிட்டால் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், கேட் திறந்தே இருக்கட்டும். போன வழியே திரும்பி வரும் நாய்கள் அதிகம். மற்றவர்கள் ஆட்டுக் கிடை, கறிக்கடைப் பின்புறம், கண்மாய்க் கரை என்று பாருங்கள். வழியில் நிற்கிறவர்களிடம் "பார்த்தால் பிடிக்காதீங்க, போன் மட்டும் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அந்நியர் கை நீட்டினால் இன்னும் தூரம் போகும், அல்லது கடிக்கும்.

தோளுக்கு நடுவே மைக்ரோசிப் போட்டு வைப்பது நல்லது. பதினைந்து இலக்க எண் இருக்கும். ஆனால் ரீடர் இல்லாமல் அதைப் படிக்க முடியாது, அதனால் பெல்ட் தகட்டில் போன் நம்பர் தனியாக வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் அடிக்காதீர்கள். ஓடியதற்கு அடி என்று அதற்குப் புரியாது, வந்ததற்கு அடி என்றுதான் புரியும். பாதங்களைப் பாருங்கள், தார் ரோட்டு வெயிலில் தோல் உரிந்திருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு விசில் பழக்குங்கள். விசில் ஊதியதும் வேறெப்போதும் கிடைக்காத ஒரு தீனி: உப்பில்லாமல் வேகவைத்த ஈரல் துண்டு மாதிரி. வீட்டுக்குள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பத்து நாள். பிறகு முற்றம். பிறகு திறந்தவெளியில், பாடி பெல்ட்டில் முப்பதடி நூல்கயிறு கட்டி. குளிப்பாட்டவோ ஊசி போடவோ அந்த விசிலை ஊதவே கூடாது. இவ்வளவு பழக்கியும், எதிரே பூனை ஓடிக்கொண்டிருக்கும்போது அது காதில் விழாது என்பதையும் மனதில் வையுங்கள்.

#9 – கால்நடை_தெற்கு

கால்நடை மருத்துவராக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, தோல் கிழிதல். ஓடிப் போய் வரும் நாய்க்கு முள்வேலியும் சீமைக் கருவேல முள்ளும் கிழித்த காயம் சகஜம். இவற்றின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் இல்லை, அதனால் சின்னக் கம்பி பட்டாலும் துணி கிழிந்த மாதிரி மடிப்பாகத் திறந்துகொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், ரத்தம் அதிகம் வராது. செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஒன்றரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடிக் கட்டி, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தையலுக்கு வாருங்கள். தாமதித்தால் மடிப்புத் தோல் காய்ந்து கறுத்துவிடும், பிறகு தைக்க வழியில்லை. மஞ்சள்தூள், டெட்டால், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். புழு வைத்த புண்ணில் அந்துருண்டையோ கற்பூரமோ பொடித்துப் போடுகிறார்கள். நாய் அதை நக்கும், இரண்டுமே விஷம்.

இன்னொன்று, மயக்க மருந்து. கிரேஹவுண்ட் வகை நாய்களுக்கு தயோபென்டால் போன்ற பார்பிச்சுரேட் மருந்துகள் உடலை விட்டு இறங்க வெகுநேரம் ஆகும் என்பது நன்கு அறிந்த விஷயம். உடம்பில் கொழுப்பு குறைவு, கல்லீரல் அதை மெதுவாகத்தான் உடைக்கிறது. அதே உடல்வாகுள்ள நம் நாய்களுக்கும் அந்த எச்சரிக்கை தேவை. ஆபரேஷனுக்கு முன் "இது சிப்பிப்பாறை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்று காலை எடை போட்டுத்தான் மருந்து அளக்க வேண்டும். மயக்கம் தெளியும்வரை போர்த்தி வையுங்கள், சீக்கிரம் உடம்பு சில்லிட்டுவிடும்.

#10 – மரிக்கொழுந்து

டாக்டர் சார், விலா எலும்பு தெரிகிறது, "நாயைப் பட்டினி போடுகிறீர்களா" என்று தெருவே கேட்கிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும்?

#11 – கால்நடை_தெற்கு

கடைசி இரண்டு மூன்று விலாவும், இடுப்பெலும்பின் முனையும் லேசாகத் தெரிவது இந்த இனத்துக்குச் சரியான உடம்பு. முதுகெலும்பின் முடிச்சு வரிசையாகத் தெரிந்தாலோ, தொடைச் சதை குழிந்தாலோதான் மெலிவு. அப்போது முதலில் பூச்சி மருந்து கொடுத்த தேதியைப் பாருங்கள், அடுத்து உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை.

இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு, இரண்டு வேளையாகப் பிரித்து: எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம் வேகவைத்து, சோறு 300 கிராம், ஒரு முட்டை, பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூன். வெறும் பால்சோறும் கூழும் வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. வெங்காயம், திராட்சை, பிரியாணி எலும்பு வேண்டாம். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டினால் அது இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

#12 – ராஜபாளையம்_வடக்கு

முதல் பதிவில் "திரும்பிப் பார்ப்பதில்லை" என்று அண்ணன் எழுதியதற்கு வருகிறேன். ராஜபாளையத்தில் அதைத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள்.

2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் ஒலியை உணரும் நுண்முடிச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். பிறகு மருந்து கிடையாது.

குட்டி ஐந்து வாரம் தாண்டியதும், தனியாகத் தூங்கும்போது பின்பக்கம் நின்று ஒரு தட்டைத் தட்டுங்கள். தரையில் தட்டக் கூடாது, அதிர்வு தெரிந்துவிடும். கைதட்டினால் காற்று படும். கூடப் பிறந்த குட்டிகள் அருகில் இருந்தால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு பேயர் (BAER) டெஸ்ட் என்ற, ஒலிக்கு மூளையில் எழும் மின் அலைகளை அளக்கும் பரிசோதனைதான் வழி. செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், ஒரு காது என்றாலும் சரி.

காது கேட்காத நாயை நன்றாகவே வளர்க்கலாம். கை சைகைக்கு இவை வேகமாகப் பழகும்: உள்ளங்கை கீழே என்றால் உட்கார், கை மார்புக்கு வந்தால் வா. இருட்டில் டார்ச்சை இரண்டு முறை மின்னவிடலாம். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கவ்வும். மூக்கருகே கையை வைத்தால் வாசனையில் தானே எழும்.

#13 – திண்ணைவாசி

பட்டினி கிடப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதைத்தான் நம் ஊரில் விசுவாசம் என்று மெச்சிக்கொள்கிறோம். நாய்க்கு அது வேதனை. வீட்டுக்காரர் ஒருவரே சோறு வைத்து, ஒருவரே நடத்திக் கூட்டிப்போய், ஒருவரே தடவிக் கொடுத்தால் அவர் இல்லாத நாளில் அதற்கு உலகமே இல்லை.

வெளியூர்ப் பயணம் தெரிந்ததும் இரண்டு வாரம் முன்பே கைமாற்றத் தொடங்குங்கள். முதல் நான்கு நாள் பார்த்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள் இருக்கும்போதே வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். நாயைக் கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம். அடுத்த நான்கு நாள் சோற்றுத் தட்டை அவர் வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு நீங்கள் அடுத்த அறைக்குப் போங்கள். கடைசியில் நடையும் அவர் கையில். அதே தட்டு, அதே நேரம், அதே இடம். தட்டு மாறினால்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் நாய்கள் இருக்கின்றன.

கிளம்பும் முன் இரண்டு நாள் உடுத்திய கைலியோ சேலையோ துவைக்காமல் அதன் படுக்கையில் போடுங்கள். ஒரே நாளில் வாசனை போய்விடாமல் இருக்க இன்னொன்றைப் பாலிதீன் கவரில் கட்டி வைத்து மூன்றாம் நாள் மாற்றச் சொல்லுங்கள்.

வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பயமில்லை, தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரும் தொடவில்லை என்றால் அன்றே. குட்டிக்கு இந்தக் கணக்கு கிடையாது.

#14 – நடுகல்பித்தன்

திண்ணைவாசி அக்கா சொல்வது சரி. விசுவாசத்துக்கு நம் முன்னோர் கல் நட்ட இடத்தில் பட்டினி இல்லை, சண்டைதான் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காத்து விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. வீரனுக்கு இணையாக நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அந்தக் குணம்தான் இன்று விருந்தாளியிடம் பாய்கிறது.

#15 – கரிசல்மண்

சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். விருந்தாளி விஷயத்துக்கு முறை இது.

விருந்தாளி வந்த பிறகு நாயை இழுத்துப் போய் அடைக்காதீர்கள். வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே உள்ளறையில் விட்டு, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுங்கள். வந்தவர் உட்கார்ந்து, பேச்சு ஓய்ந்த பிறகு, கயிற்றோடு கூட்டி வாருங்கள். வந்தவர் அதன் கண்ணைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்கு மேல் கை நீட்டக் கூடாது. நாய் தானாக முகர்ந்துவிட்டு விலகினால் அவ்வளவுதான் அன்றைக்கு. உடம்பு விறைத்து, வாய் மூடி, அசையாமல் நின்றால் அது குரைப்பை விட ஆபத்து, உடனே உள்ளே. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நாய் அங்கே இருக்கவே கூடாது, வீட்டுப் பிள்ளையை யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் அதற்குத் தெரியும்.

கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

#16 – மரிக்கொழுந்து

தீபாவளிக்கும் இதே உள்ளறை போதுமா? தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்று கடையில் சொன்னார்கள்.

#17 – கால்நடை_தெற்கு

கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். வழக்கமாகத் தரும் அசிப்ரோமசின் தனியாகக் கொடுத்தால் உடம்பைக் கிடத்திவிடும், பயத்தை எடுக்காது. நாய் அசைய முடியாமல் ஒவ்வொரு வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கும். பயத்தைக் குறைக்கும் வேறு மருந்துகள் உண்டு. இரண்டு வாரம் முன்பே வந்து, ஒரு சாதாரண நாளில் ஒரு முறை கொடுத்துப் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அறை ஜன்னல் இல்லாததாக, வீட்டின் நடுவில் இருக்கட்டும். மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். ஐப்பசி பிறந்ததிலிருந்தே நடையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், அதுவும் மார்ட்டிங்கேல், பாடி பெல்ட் இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து. வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் எந்த விசிலுக்கும் நிற்காது, ஏழடிச் சுவரும் அன்று சின்னதுதான். நடுங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வதில் உண்மையில்லை.